மச்சான் ஜாயின்ட்

என் தங்கையின் கணவர் பொய் சொல்லும்போது, ஒரே ஒரு முறை தவிர, தடுமாறி நான் கண்டதில்லை. கேபிள் இழுக்கும் ஆளாக வந்தவர் ஜாயின்ட் குழுவின் பொறுப்பாளராக உயர்ந்தது பெரும்பாலும் அந்த ஒரு திறமையால்தான். அவருடைய வரலாற்றை எழுத என்னைவிடத் தகுந்தவர் கிடையாது. அவர் ஏறிய ஏணி நான்.

அவரை நான் மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். ஒரே இடத்தில் வேலை பார்த்ததால், காவலாளி முதல் கணக்கர் வரை எல்லாருக்குமே நான் மச்சான் ஆனேன். இணையக் கேபிளுக்குள் ஓடும் கண்ணாடி இழையை வெட்டி இணைக்கும் வேலையை அங்கே யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. இழைகளை இணைக்கும் கவ்விகள் வரும் பெட்டிகளுக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாள்களைச் சேர்த்துவைத்து, அகராதியோடு உட்கார்ந்து படித்துக் கற்றேன். ஒரு தாளைக்கூட நான் எறிந்ததில்லை. மாப்பிள்ளை நான் செய்வதைப் பார்த்துக் கற்றார், அதுவும் பாதி.

தலைமயிர் பருமனே உள்ள இழையின் உறையை உரித்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, வெட்டும் கருவியில் பொருத்த வேண்டும். கத்தி இழையை அறுப்பதில்லை. ஒரு கீறல் மட்டும் போடும். பிறகு வளைத்தால் இழை தானாகவே நேராக முறியும். முறிந்த அந்த முகத்தை அதன்பின் எதுவும் தொடக்கூடாது. விரல் கூடாது, துணி கூடாது, மூச்சும் கூடாது. இரண்டு முனைகளையும் ஒரு சிறு பிளாஸ்டிக் கவ்விக்குள் எதிரெதிராக நுழைத்து, உள்ளிருக்கும் ஜெல்லில் முகத்தோடு முகம் சேர்த்து மூடியை அழுத்தினால் ஜாயின்ட் தயார்.

மாப்பிள்ளை ஊதுவார். முறித்த முனையை உதட்டருகே கொண்டுபோய், கொதிக்கும் பாலை ஆற்றுவதுபோல் ஊதுவார்.

"ஊதாதீங்க மாப்ளே, எச்சில் படும்" என்றேன்.

"தூசி போக வேணாமா மச்சான்? இதெல்லாம் கூட உங்க பேப்பர்ல எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு. காட்டவா?"

"உங்க தங்கச்சிகிட்ட காட்டுங்க. நீங்க எதைக் காட்டினாலும் தலையாட்டுற ஆள் அவ ஒருத்திதான்."

ஒருமுறை சொல்லிவிட்டேன். மறுமுறை சொல்லும் கடமை எனக்கு இல்லை.

பிறகு ஆஸ்பத்திரி மாடியில் இணைப்பு செத்தது. எடுத்த ஸ்கேன் படங்களை மருத்துவர்களுக்கு அனுப்ப முடியாமல் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் சூப்பர்வைசர் அங்கிருந்த பெட்டியைத் திறந்து, கெட்டுப்போன ஜாயின்டை வெட்டியெடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இது யார் போட்டது?"

"மச்சான் போட்டது" என்றார் மாப்பிள்ளை. கண் இமைக்கவில்லை.

அந்த ஜாயின்ட் போட்ட அன்றைக்கு நான் வேறு தெருவில் இருந்தேன். அதற்கான வேலைச்சீட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். சூப்பர்வைசர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "காகிதத்துல யார் வேணா எதை வேணா எழுதலாம். உங்க சொந்த மாப்பிள்ளையே சொல்றாரே, அவர் எதுக்கு உங்கமேல பழி போடணும்?"

அந்தக் கெட்ட ஜாயின்டைக் கருவி அறைப் பலகையில் ஒட்டி, 'இப்படிப் போடாதே' என்று எழுதிவைத்தார்கள். அதே அறைக்கு என்னையும் மாற்றி, குழுவின் பொறுப்பைத் தற்காலிகமாக மாப்பிள்ளையிடம் கொடுத்தார்கள். கருவிகளைக் கொடுப்பதும் திருப்பி வாங்குவதும் என் வேலை. அன்று முதல் குழுவின் பேச்சில் கெட்ட ஜாயின்டுக்கெல்லாம் 'மச்சான்' என்று பெயர் விழுந்தது. "டேய், இது மச்சான் ஆயிடுச்சு, வெட்டிப் போடு" என்பார்கள். கேபிள் இழுக்கும் நெட்டையன் என் ஜன்னலுக்கு வந்து, "மச்சான், ஒரு மச்சான் விழுந்துடுச்சு. வேற கவ்வி குடுங்க" என்று பல்லைக் காட்டுவான். பொறுப்பாளர் நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையும் சிரிப்பார். அந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்து பிடுங்காமல் விடுவதில்லை என்று நான் முடிவு செய்தது அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான்.

அவருடைய பதவியை நிரந்தரமாக்கும் பேச்சு வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் பொறியாளர் அம்மா முன்னால் ஒரு ஜாயின்ட் போட்டுக் காட்ட வேண்டும். மாப்பிள்ளை நாற்காலியிலேயே இருந்ததால் கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. தங்கை என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணா, நீ பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடு."

"குடுக்கறேன். ஆஸ்பத்திரி ஜாயின்ட் யார் போட்டதுன்னு அவர் முதல்ல எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்."

"வீட்டு மாப்பிள்ளையப் போய் அப்படிக் கேக்கலாமா?"

"மாப்பிள்ளை முறுக்கெல்லாம் கல்யாணத்தோட முடியணும்மா. இவருக்கு இன்னும் முடியல."

போனவள் முகம் சுருங்கித் திரும்பி வந்தாள். "'உங்க அண்ணன் சொல்லிக் குடுத்துத்தான் நான் பொழைக்கணுமா'ன்னு கேக்கறார்."

"வேணாம்னா விட்டுடு."

சோதனைக்கு நான் செய்த ஏற்பாட்டில் எந்தச் சூதும் இல்லை. கருவியில் புதுக் கத்தி மாட்டினேன். தாங்கும் பள்ளங்களைத் துடைத்தேன். புது ஸ்பிரிட், உறை பிரிக்காத கவ்விகள் எடுத்துவைத்தேன். சாக்குச் சொல்ல அவருக்கு ஒரு துரும்புகூட மிஞ்சக் கூடாது. "நீங்களே முதல்ல ஒண்ணு போட்டுப் பாருங்கம்மா" என்று பொறியாளரிடம் பணிவாகச் சொன்னேன். அவர் போட்டார். சிவப்பு விளக்கை ஒரு முனையில் பாய்ச்சியபோது கவ்வியில் வெளிச்சக் கசிவே இல்லை. "கருவி நல்லா இருக்கு" என்றார்.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். உரித்தார், துடைத்தார், முறித்தார். உள்ளபடி சொன்னால் நன்றாகவே முறித்தார். பிறகு ஊதினார்.

"எதுக்கு ஊதறீங்க?" என்றார் பொறியாளர்.

"தூசிம்மா. ஊதாம நான் ஒரு ஜாயின்ட்கூட போட்டதில்ல."

"இன்னொரு பக்கம் பாக்கி இருக்கே மாப்ளே" என்றேன். அதையும் ஊதினார். குழு முழுக்கப் பார்க்கிறது என்ற பெருமையில் சற்று பலமாகவே ஊதினார்.

விளக்கைப் பாய்ச்சினார்கள். அந்தப் பக்கம் போக வேண்டிய வெளிச்சம் கவ்விக்குள்ளேயே தேங்கி, மாதுளை முத்துப்போல் சிவந்து நின்றது. பொறியாளர் கவ்வியைத் திறந்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். "முகத்துல எச்சில் கறை" என்றார். நான் பலகையிலிருந்த கெட்ட ஜாயின்டைப் பிய்த்துக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அதையும் திறந்து வெகுநேரம் பார்த்தார். "இதுலயும் அதே கறைதான். இதை யார் போட்டது?"

நான் நெட்டையனைப் பார்த்துக் கேட்டேன்: "நான் ஊதி நீ பாத்திருக்கியா?"

"மச்சான் டீயைக்கூட ஊதிக் குடிக்க மாட்டாரும்மா" என்றான் அவன். பிறகு அவனுக்கே உறைத்தது. "அப்ப இது மச்சான் இல்லடா. மாப்பிள்ளை."

அறை சிரிப்பில் குலுங்கியது. மாப்பிள்ளை மட்டும், "மச்சான் கருவியில என்னமோ பண்ணிட்டார்" என்றார். இம்முறை தடுமாறினார்.

குழு என் கைக்கு வந்தது. வேண்டிய ஆட்களைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முதலில் மாப்பிள்ளையைக் கேட்டேன். வெட்டும்போது சிதறும் இழைத் துணுக்குகள் காலில் ஏறினால் வெளியே எடுப்பது பெரும்பாடு. அவற்றைத் தரையிலிருந்து ஒட்டுநாடாவால் ஒற்றியெடுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தேன். அவர் குனிந்திருக்கும்போது யாருக்காவது ஜாயின்ட் கெட்டால், "இது மாப்பிள்ளை ஆயிடுச்சு, வெட்டிப் போடு" என்கிறார்கள்.

தங்கை மறுபடி வந்தாள். "ராத்திரியெல்லாம் அவர் சாப்பிடறதே இல்லண்ணா. நீ ஒரு வார்த்தை சொன்னா அவங்க நிறுத்திடுவாங்க."

"நிறுத்துவாங்க."

"சொல்லேன்."

"அவர் முதல்ல சொல்லட்டும். 'நான் போட்டது'. ரெண்டே வார்த்தை."

அவள் எனக்குக் கொண்டுவந்து வைத்த காபி டம்ளரைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டாள். மாப்பிள்ளை இன்னும் சொல்லவில்லை. தினமும் வருகிறார், துணுக்கு பொறுக்குகிறார், போகிறார். அவர் சொன்னபின் குழுவின் வாயை நான் அடக்குவேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.