பத்து நிமிஷ நாற்காலி

கேட்டைத் திறக்கிறவளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, மூடுகிறவளை யாரும் மறப்பதில்லை. செக்யூரிட்டி வேலை பார்த்தவர்களே, உங்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? கொரோனா சமயத்தில், பொத்தேரியில் ஒரு கல்லூரி வாசலில் நின்ற என் கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். லேப் முடிக்காமல் டிகிரி கிடையாது என்பதால் கடைசி வருஷப் பிள்ளைகளை மட்டும் வரச் சொல்லியிருந்தார்கள். உள்ளே ஒருத்தருக்குத் தொற்று வந்தாலும் லேபை மூடி, எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

வெயில்

ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் துப்பாக்கி நூறு காட்டியது. முதல் நாளே பதினோரு பேரைத் திருப்பி அனுப்பினேன். என் தப்புதான். மறுநாள் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பத்து நிமிஷம் உட்கார வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. முந்தின நாள் திரும்பிப் போன பெண் என்னை முறைத்தாள்.

"யக்கா, இந்த நாற்காலிய நேத்தே போட்டிருந்தா இன்னா?"

மோர் பாக்கெட்

ஒருத்தன் நெற்றியில் தொண்ணூற்று இரண்டு காட்டியது. உயிரோடு இருக்கிறவனுக்கு அப்படி வராது. எதிர்க்கடையில் சில்லென்று மோர் பாக்கெட் வாங்கி நெற்றியில் ஒத்திக்கொண்டு வந்திருக்கிறான். உட்கார வைத்தேன். பத்தாவது நிமிஷம் நூற்றி ஒன்று. அழுதான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை.

"மோரும் வேஸ்ட்டாப் போச்சுக்கா."

ஏசி கார்

துறைத் தலைவர் கார்க் கண்ணாடியை இறக்கி, நெற்றியை மட்டும் நீட்டினார். தொண்ணூற்று நாலு. எல்லாம் ஏசி செய்யும் வேலை. "இறங்கிப் பத்து நிமிஷம் உட்காருங்க சார்" என்றேன். சூப்பர்வைசர் ஏழுமலை ஓடி வந்து, "இன்னாக்கா, வேலை வேணுமா வேணாமா?" என்று காதைக் கடித்தான். வேலை வேண்டும்தான். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி. ஆனாலும் கேட்டைத் திறக்கவில்லை.

வாட்சைப் பார்த்துக்கொண்டே அவர் உட்கார்ந்தார். நூறரை காட்டியது. திரும்பிப் போகக் காரில் ஏறும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"உன் பேர் என்ன?"

பின்வாசல்

மூன்றாம் நாள் அவருக்குத் தொற்று என்று தெரிந்தது. லேப் ஒரு நாள்கூட மூடவில்லை. மோர் வாங்கினவனும் குணமாகி வந்து லேபை முடித்துவிட்டான். துறைத் தலைவரும் குணமாகி வந்தார். வந்ததும், எனக்கு மரியாதை தெரியவில்லை என்று என்னைக் குப்பை வண்டி வரும் பின்வாசலுக்கு மாற்றினார். நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போனேன். ஒரு வாரத்தில் முன்வாசல் ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள். ஏழுமலை போன் பண்ணினான்.

"யக்கா, சார் வண்டி உன் பக்கமா வந்துகினு கீது. நாற்காலிய தொடச்சி வையி."

எந்த வாசலில் போட்டாலும் பத்து நிமிஷம் பத்து நிமிஷம்தான்.