ஒரு சைக்கிளில் இரண்டு வேட்பாளர்கள்

என் பெயர் ஒரே ஒருமுறைதான் வாக்குச்சீட்டில் வந்திருக்கிறது. இப்போது தேர்தல் என்றால் முல்லைத்தீவில் ஏதாவது ஒரு வாக்களிப்பு நிலையத்தில் எனக்குக் கடமை விழும். பட்டியலில் பெயரைத் தேடிக் கோடு போடுவேன், சீட்டைக் கொடுப்பேன், யாருடனும் அரசியல் கதைப்பதில்லை. ஆனால் சீட்டுக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அந்தப் பழைய சீட்டு நினைவுக்கு வரும். சாதாரணத் தாளை நான்காக வெட்டிய துண்டு அது. போட்டோக்கொப்பி மை கொஞ்சம் கலங்கியிருக்கும். இரண்டு பெயர்கள். இரண்டாவது என்னுடையது.

அந்த வருடத்து நாட்குறிப்பு நீல மட்டைக் கொப்பி. இங்கே நான் எழுதும் நேரங்களும் எண்ணிக்கைகளும் அதிலிருந்து எடுத்தவை. ஆட்கள் பேசியதை நினைவிலிருந்து எழுதுகிறேன், அதில் ஒரு சொல் இரண்டு சொல் மாறியிருக்கலாம்.

வன்னியில் ஒரு சிறிய பல்கலைக்கழக வளாகம். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் வயல், நடுவில் தார் றோட்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு உயர்தரப் பரீட்சையே பிந்தியதால், மூன்றாம் வருடத்தில் எனக்கு இருபத்துநான்கு வயது. வளாகத்துக்கு இரண்டு கிலோமீற்றர் தள்ளி ஒரு வீட்டின் பின்னறையில் நானும் இன்னொருத்தியும் வாடகைக்கு இருந்தோம். நான் விஞ்ஞான பீடம், கடற்கரைப் பிள்ளை. அவள் வணிக பீடம், விசுவமடுக்காரி. அவளுடைய தாத்தா பாட்டி காலத்தில் மலையகத்திலிருந்து வந்து குடியேறித் தோட்டம் செய்யும் குடும்பம். எனக்கு வீட்டிலிருந்து கருவாட்டுப் பார்சல் வரும், அவளுக்குக் கச்சான் கடலை மூட்டை வரும். எங்களிடம் ஒரு மேசை, ஒரு அலுமாரி, ஒரு சைக்கிள். சைக்கிள் அவளுடையது. நான் கரியரில் இருப்பேன்.

மாணவர் ஒன்றியத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தலைவர் ஒரு பீடம் என்றால் செயலாளர் மற்றப் பீடம். இரண்டையும் மூத்த மாணவர்கள் கன்ரீனில் இருந்து பேசி முடித்துவிடுவார்கள், வாக்கெடுப்புக்கே போவதில்லை. அந்த வருடம் தலைவர் வணிக பீடத்துக்கு என்று முடிவாகியிருந்தது. செயலாளர் எங்கள் பீடத்துக்கு. அப்போதுதான் என் அறைக்காரி, கன்ரீனில் நான்கு பேர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோவது தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி, தானே செயலாளருக்கு நிற்கப் போவதாக அறிவித்தாள்.

அவளுக்குக் குரல் இருந்தது, எழுத்து வராது. ஆகவே வாக்கெடுப்புக்கு முன் மண்டபத்தில் பேசவேண்டிய பேச்சை நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பின்னேரம் எடுத்தது. மூன்று மாத நாட்குறிப்பைப் புரட்டி, வளாகத்தில் நான் பார்த்துக் குறித்த எல்லாவற்றையும் அதில் போட்டேன். மத்தியானத்தில் குடிதண்ணீர்க் குழாயடியில் நிற்கும் நேரம் சராசரி இருபத்தைந்து நிமிடம். ஐந்து பத்துக்கு வரும் பஸ் வாசலில் நிற்காமல் போன நாட்கள் ஒரு மாதத்தில் பதினொன்று. நூலகத்தில் எரியாத விளக்குகள், மேசை வாரியாக. நடுவில் ஒரு பகிடியும் வைத்தேன். நாங்கள் இங்கே படிக்க வந்தோமா, தண்ணீருக்கு வந்தோமா என்று குழாயைத்தான் கேட்கவேண்டும் என்பது அந்தப் பகிடி. எழுதும்போது நானே சிரித்தேன். மொத்தம் நான்கு பக்கம்.

அதைக் கொடுத்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை, பதினொன்று நாற்பதுக்கு எங்கள் பட்ச் தலைவன், அதாவது எங்கள் பீடத்தில் எங்கள் வருட மாணவர்களின் தலைவன், கன்ரீன் வாசலில் என்னை மறித்தான். எங்கள் பீடத்தில் நிற்க இருந்தவர் பின்வாங்கிவிட்டாராம். வேட்புமனு அடுத்த நாள் நான்கு மணிக்கு முடிகிறதாம்.

“நீர்தான் நிக்கவேணும்,” என்றான். “செயலாளர் எண்டா எழுதுற வேலைதானே. உம்மட நோட்ஸ் இல்லாம எங்கட பட்ச்சில ஒருத்தரும் பாஸ் பண்ணினதில்லை.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க நான் எடுத்தது கன்ரீனிலிருந்து ஆய்வுகூடம் வரையான தூரம். அதுவரை யாரும் என்னை ஒன்றுக்கும் நிற்கச் சொன்னதில்லை. எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்பது அந்த நூறு நூற்றைம்பது மீற்றருக்குள்தான் தெரிந்தது. அறைக்காரியின் பேச்சை நான் எழுதியதை அவனிடம் சொல்லவில்லை.

பின்னேரம் அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நானும் நிற்கிறேன் என்றேன். எதற்கு என்றாள். செயலாளருக்கு என்றேன். கையிலிருந்த பாதியை அடிவரை துருவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அப்ப என்ர பேச்சு?”

“அது உன்ர.”

“பந்தியில வைச்ச சோத்தை ஆரும் திருப்பி அள்ளுறேல்லத்தான். ஆனா நீ எல்லாத்துக்கும் கணக்கு வைச்சிருக்கிறவள்.”

திருப்பிக் கேட்கமாட்டேன் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அன்று சொதியில் உப்புக் கூடிப்போயிருந்தது.

ஒன்பது நாள் பிரசாரம். அந்த ஒன்பது நாளும் ஒரே சைக்கிளில்தான் போனோம். அவள் மிதித்தாள், நான் பின்னால், இரண்டு பேரின் துண்டுத்தாள்களும் என் மடியில். பெண்கள் விடுதி வாசலில் இறங்கி அவள் இடப்பக்க அறைகளுக்கும் நான் வலப்பக்க அறைகளுக்கும் போவோம், பிறகு மாறிப் போவோம். விடுதிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “உங்களில ஆர் வெண்டாலும் மற்றவ பின்னால இருந்து ஓட்டுவாவோ?” என்று ஒருத்தி கேட்டாள். இவள்தான் பின்னால் இருக்கிறாள், ஓட்டுவது நான் என்று என் எதிராளி பதில் சொன்னாள். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. மூன்று அறை தாண்டியபின் நல்ல பதில் ஒன்று வந்தது.

அவள் போன இடமெல்லாம் வறுத்த கச்சான் கொடுத்தாள். பட்ச் தலைவன் அது இலஞ்சம் என்று தேர்தலுக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் முறையிட்டான். அவர் ஒரு கையளவு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்து, இரண்டு வேட்பாளரும் கொடுத்தால் பிழையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அன்று மாலை அவள் மூட்டையில் பாதியை ஒரு பையில் கொட்டி என் கட்டிலில் வைத்தாள். “உன்ர பங்கு,” என்றாள்.

என் சொந்தப் பேச்சுத்தான் வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நான்கு பக்கத்தில் போய்விட்டது. மிச்சமாக இருந்தவற்றைச் சேர்த்து இரண்டு பக்கம் எழுதினேன். பட்ச் தலைவன் வாசித்துவிட்டு, சுற்றறிக்கை போல இருக்கிறது என்றான். பிறகு குரலைத் தணித்தான். என் எதிராளி கன்ரீனில் ஒரு மூலையில் இருந்து தாளைப் பார்த்துப் பேசிப் பழகியதை எங்கள் பட்ச்சில் ஒருத்தி கண்டிருக்கிறாள். என் நோட்ஸை மூன்று வருடமாகக் கொப்பி எடுத்த எவருக்கும் அந்தக் கையெழுத்துத் தெரியும்.

“அது உம்மட எழுத்தெண்டு மேடையில சொல்லும்,” என்றான். “ஒரு வசனம் போதும். வெண்டிடுவம்.”

சொல்லமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. பார்ப்போம் என்றேன். அதை நாட்குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன்: “பார்ப்போம் என்றேன்.” அந்தக் கதை என் அறைக்காரிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது என்று நினைக்கிறேன். கடைசி இரண்டு நாளும் அவள் சைக்கிளில் பாட்டு முணுமுணுக்கவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை.

புதன்கிழமை இரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. சீட்டுக் குலுக்கியதில் அவள் முதல். தாளில்லாமல் போய் நின்றாள். நான் நடுவில் வைத்த பகிடியை அவள் கடைசிக்குக் கொண்டுபோயிருந்தாள். பஸ்ஸைச் சொன்னாள், விளக்குகளை மேசை வாரியாகச் சொன்னாள், பிறகு தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே குழாயடியைப் பார்த்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்த வசனத்தைச் சொன்னாள். மண்டபம் அதிர்ந்தது. என் வசனத்துக்கு அத்தனை பேர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அது எங்கே இருக்கவேண்டிய வசனம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. என்னை மறந்து நானும் கைதட்டினேன். பட்ச் தலைவன் முன்வரிசையிலிருந்து இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்தது நான். தாளை விரித்துத் தொண்டையைச் செருமினேன். பின்னால் எங்கள் பட்ச் இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“இதையும் நீரோ எழுதினது?”

கொஞ்சப் பேர் சிரித்தார்கள். விளங்கியவர்கள் விளங்காதவர்களுக்குக் காதில் சொல்லத் தொடங்கினார்கள். எனக்காகவே திறந்துவிட்ட கதவு அது. ஒரு வசனம் போதும். என் அறைக்காரி இரண்டாம் வரிசை ஓரக் கதிரையில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மடியில் கைகளைக் கோர்த்து, கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி அசையாமல் இருந்து நான் கண்டதே இல்லை.

“ஓம்,” என்றேன். “இது நான் எழுதினது.”

அவ்வளவுதான். பிறகு இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். நான்கு நிமிடம். ஒரு இடத்தில் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து நிறுத்தினேன், ஒருவரும் சிரிக்கவில்லை.

கரும்பலகையில் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணினார்கள். நாற்பத்தொரு வாக்கால் தோற்றேன். அவளுடைய பட்ச் அவளைக் கதிரையோடு தூக்கியது. எங்கள் பட்ச் தலைவன் என்னுடன் ஒரு கிழமை பேசவில்லை. எட்டாம் நாள் நோட்ஸ் கேட்டு வந்தான்.

அன்று மாலை அறைக்கு அவள் எனக்குப் பிறகுதான் வந்தாள். செருப்பைக் கழற்றாமலே கதவடியில் நின்றாள்.

“நீ சொல்லியிருந்தா நான் தோத்திருப்பன்,” என்றாள்.

“ஓம்.”

“ரெண்டு நாளா எனக்கு நித்திரையில்லை. நீ சொல்லுவாய் எண்டுதான் நினைச்சனான்.” செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நான் எண்டா சொல்லியிருப்பன்,” என்றாள்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கொப்பியிலும் இல்லை. அன்றைய பக்கத்தில் வாக்குகளின் எண்ணிக்கையும், அதன் கீழே “வருத்தம் இல்லை” என்ற இரண்டு சொல்லும் இருக்கின்றன. நாட்குறிப்பில் நான் அறிந்து எழுதிய பொய்கள் குறைவு. இது அதில் ஒன்று. வருத்தம் இருந்தது. வாயைத் திறந்திருக்கலாம் என்று அடுத்த மூன்று கிழமையும் ஒவ்வொரு நாளும் நினைத்தேன், சைக்கிள் கரியரில் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். அவள் ஒன்றியத்துக் கடிதங்களைத் திருத்தித் தரச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை. மேசையின் மறுபக்கத்தில் இருந்து நாக்கைக் கடித்துக்கொண்டு தானே எழுதினாள்.

ஒன்றியத்தின் முதற் பொதுக்கூட்டத்துக்கு நான் பிழை பிடிக்கத்தான் போனேன். மூன்றாம் வரிசையில் பேனையுடன் இருந்தேன். அவள் தான் எழுதிய அறிக்கையை வாசித்தாள். ஏழு பிழை எண்ணினேன், ஒரு திகதியே தவறு. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாக இருந்ததை இங்கே மறைக்கப் போவதில்லை. அவள் வாசித்து முடிக்கவும் இறுதி வருடத்து அண்ணா ஒருவர், வளாகத்தின் கரப்பந்தாட்ட அணிக்காரர், எழுந்து கத்தத் தொடங்கினார். விளையாட்டு அறையின் பூட்டுத் திறப்பு யார் கையில் என்று தெரியாமல் நான்கு நாளாக வெளியில் நிற்கிறார்களாம், இந்த ஒன்றியம் எதற்கு, செயலாளர் எதற்கு என்று கேட்டார். மண்டபம் சூடாகியது. இதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். மனதுக்குள் எழுதத் தொடங்கினேன்.

“அண்ணா, திறப்பு என்னட்டயும் இல்லை,” என்றாள் அவள். “கூட்டம் முடிய ரெண்டு பேருமாக் காவலாளி ஐயாட்டப் போவம். நான் கேக்கிறன். நீங்கள் பின்னால சும்மா நில்லுங்கோ, உங்கட உயரத்தைப் பாத்தே தந்திடுவார்.”

அவருடைய நண்பர்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு அவரே சிரித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். ‘விளையாட்டு அறைத் திறப்புத் தொடர்பாக எடுக்கப்பட்டுள்ள நடவடிக்கைகள் பின்வருமாறு’ என்ற முதல் வரியை நான் மனதில் எழுதி முடித்தபோது, கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டிருந்தது.