கடைசிப் பாகம்

புதுக்குடியிருப்புச் சந்தையில் கருவாடு மணந்தது. உடனே துப்பறியும் நாவல் ஞாபகம் வந்தது.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது நாவல் கிடைப்பதே அரிது. கிடைத்ததைத் தையல் பிரித்து, நான்கு பாகமாக்கி, வீடு வீடாக மாற்றி வாசிப்போம். மீன்காரப் பிலோமினாக்கா வீட்டிலிருந்து வரும் பாகம் கருவாடாய் மணக்கும்.

ஒருமுறை கடைசிப் பாகம் அம்மாவுக்கு முதலில் கிடைத்தது. வாசித்துவிட்டு அலுமாரியில் பூட்டினார்.

“கொலைகாரன் ஆர், அம்மா?”

“மற்றதுகளை முடிச்சிட்டு நீயே வாசி.”

அதற்குள் இடம்பெயர்ந்தோம். நடக்கும்போதும் கேட்டேன்.

“திரும்பி வந்து வாசி.”

திரும்பியபோது வீடே இல்லை.

இன்று சந்தையிலிருந்து வந்ததும், படுக்கையில் கிடந்த அம்மா கேட்டார்: “எனக்கும் வயசு போட்டுது. சொல்லட்டோ?”

காதைப் பொத்தினேன்.

“வேண்டாம். அந்தப் புத்தகத்தைத் தேடி வாசிப்பன். அதுவரைக்கும் இருங்கோ.”