அவர் தொட்டால் நம்பர் இறங்காது

முதலில் அடுப்பின் மேல்கண்ணாடியைத் தொடுவார். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். பழுதுக்கு வந்த கரண்ட் அடுப்பு அட்டைப் பெட்டிக்குள் நாள் கணக்கில் ஆறிக் கிடந்திருந்தாலும் சரி, காய்ச்சல்காரன் நெற்றியைப் பார்ப்பது போலப் பார்த்து, "என்னப்பா, என்ன பண்ணுது உனக்கு?" என்று கேட்ட பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைப்பார்.

அவரை எல்லோரும் நாடி என்பார்கள். பக்கத்துக் கடையில் சாவி வெட்டுகிறவர் வைத்த பெயர். காரணம் இருக்கிறது. அடுப்பின் கண்ணாடியைத் தூக்கினால் உள்ளே செம்புக் கம்பி வட்டமாகச் சுருண்டு கிடக்கும். அதன் நடுவில், வெள்ளைப் பசைக்குள், மிளகு அளவில் ஒரு மணி. அதுதான் சென்சார். மேலே பாத்திரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று அடுப்புக்குச் சொல்வது அது. அது வாயை மூடிக்கொண்டால் அடுப்பு பயந்துபோய், திரையில் ஏதோ ஒரு எழுத்தைக் காட்டி, கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துவிடும்.

அந்த மணியின் இரண்டு ஒயரையும் மீட்டரில் மாட்டுவார். மணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். எண்ணைப் பார்த்துச் சொல்வது எதிரில் நிற்பவர் வேலை. விரல் சூடு ஏற ஏற எண் இறங்க வேண்டும்.

"இறங்குதா?"

"இறங்குதுண்ணே."

"அப்ப உயிர் இருக்கு. கோளாறு வேற எங்கியோ."

இறங்காவிட்டால் மணியை வெட்டி எடுத்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவார். "போயிடுச்சு" என்பார், சாவு வீட்டு வாசலில் பேசுகிற குரலில். டப்பா மூடியையும் மெதுவாகத்தான் மூடுவார்.

டீயைச் சூடாகக் குடிக்கமாட்டார். ஆடை கட்டிய பிறகு ஒரே மடக்கு. சட்டைப்பை ஓரத்தில் எப்போதும் வெள்ளைப் பசை ஒட்டியிருக்கும். "பாப்பா மேல பட்டுச்சு, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று அவர் மனைவி இப்போது மிரட்டுகிறார். மிரட்டினால் நாடிக்குச் சந்தோஷம். பாப்பா என்று யாராவது சொன்னாலே முகம் விரிந்துவிடும். மகளுக்குப் பிறந்த பெண் குழந்தை. இப்போது தாயும் குழந்தையும் இவர் வீட்டில்தான்.

"கொட்டாவி விடுறா சார்! வாய் இத்தினியூண்டு. அதுல வர்ற கொட்டாவி, அடேயப்பா, ஆபீஸ் போய்ட்டு வந்தவங்க மாதிரி!" அடுப்பு கொண்டுவந்தவர்கள் போட்டோ பார்க்காமல் திரும்ப முடியாது. போனை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். "நீங்களே தள்ளித் தள்ளிப் பாருங்க. என் விரலுக்கு இப்பல்லாம் ஓட மாட்டேங்குது." சொல்லிவிட்டுச் சிரிப்பார். கேட்பவர்களும் சிரிப்பார்கள்.

இவ்வளவு பேசுகிறவர் பேத்தியை இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

"அப்பா, கொஞ்சம் புடிங்களேன், குளிச்சிட்டு வந்துடறேன்" என்று மகள் நீட்டுவாள். "கையெல்லாம் பசைம்மா" என்று பின்னால் நகர்ந்துவிடுவார். கையைக் கழுவிவிட்டு வந்து நிற்கும்போது கேட்டாலும் அதே பதில்தான்.

இப்படி நகர்வது, பாப்பா வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு தையல்கார அம்மா கொண்டுவந்த அடுப்பில் ஆரம்பித்தது.

மழை வரலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த மத்தியானம். நாடி மணியைப் பிடித்தார், கண்ணை மூடினார். "இறங்குதா?" என்றார். "அப்படியே நிக்குதே" என்றார் அந்த அம்மா. போயிடுச்சு, டப்பாவில் போட்டார். புதிது ஒன்றைப் பிடித்தார். அதுவும் அப்படியே நின்றது. இன்னொன்று. அதுவும்.

"என்னண்ணே, எல்லாம் சேந்தாப்ல செத்துப் போச்சா? குடுங்க இப்டி." அந்த அம்மா சும்மா விளையாட்டுக்கு வாங்கி, ஊசி பிடிக்கிற விரலால் பிடித்தார். எண் மளமளவென்று இறங்கியது.

நாடி திரும்ப வாங்கினார். இறங்கிய எண் பழைய இடத்துக்கு ஏறிப்போய் நின்றுகொண்டது. மணி வெறும் மேசைமேல் கிடந்தால் எங்கே நிற்குமோ, அங்கே.

"உங்க மேல ஏதோ கோவம் போல" என்றார் அந்த அம்மா.

சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். "ரத்தம் செத்துப்போச்சுய்யா உனக்கு. கை ஐஸ் மாதிரி இருக்கும், காட்டு" என்று நாடியின் கையைப் பிடித்தார். பிடித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சூடாத்தானேய்யா இருக்கு" என்றார். கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களைத் தடவிப் பார்த்தார். "நல்லா, இப்பதான் டீ கிளாஸ் புடிச்ச மாதிரி இருக்கு."

நாடி பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டினார். "ஒண்ணொண்ணாப் புடி."

சாவிக்காரர் பிடித்தார். நாடி முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்தார். இறங்கியது. அடுத்தது. அதுவும் இறங்கியது. மேலே கிடந்தவை, அதாவது கொஞ்ச காலமாக அவர் போயிடுச்சு என்று மூடி போட்டவை, எல்லாமே உயிரோடு இருந்தன. அடியில் கிடந்த பழையவைதான் நிஜமாகவே செத்தவை.

அடுப்பின் கோளாறு சின்னது. சென்சார் ஒயர் போர்டில் சொருகுகிற இடத்தில் ஆவி இறங்கிப் பச்சையாகப் பூத்திருந்தது. சுரண்டித் துடைத்துப் பழைய மணியையே பற்றவைத்து, பசை தடவி மூடினார். தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, கண்ணாடிமேல் இருக்கும் பொத்தானைத் தொட்டார். அடுப்பு சும்மா இருந்தது. அழுத்தித் தொட்டார். சும்மா இருந்தது. தையல்கார அம்மா சுண்டுவிரல் வைத்ததும் கீ என்று விழித்துக்கொண்டது. போகும்போது அந்த அம்மா வாசலில் ஒரு தடவை திரும்பி, அவர் நிழல் தரையில் விழுகிறதா என்று பார்ப்பவர் போலப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பேத்தி பிறந்த ஆஸ்பத்திரியில் ஆள் வந்தால் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு. அதன் முன்னால் அவர் பால் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டே இருந்தார், பின்னால் ஒரு நர்ஸ் வரும்வரை. பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறதா என்று பார்க்கிற, துப்பாக்கி மாதிரி நெற்றிக்கு நேரே நீட்டுகிற கருவி. மகள் விளையாட்டாக அவர் நெற்றிக்கு நீட்டினாள். எண்ணே வரவில்லை. வெறும் கோடு. சுவருக்கு நீட்டினாள், சுவருக்குக்கூட ஏதோ ஒரு எண் வந்தது. "பேட்டரி போச்சு" என்றாள் மகள். மறு நிமிஷம் பாப்பாவுக்கு அது ஒழுங்காகக் காட்டியது.

மனைவியிடம் ஒரு நாள் மெதுவாகக் கேட்டார். "நான் தொட்டா உனக்குத் தெரியுதா?"

"இந்த வயசுல கேக்குற கேள்வியைப் பாரு! பேத்தி எடுத்தாச்சு, வெக்கமில்ல?"

"இல்லடி. பாப்பாவைத் தூக்குறேன்னு வெச்சுக்கோ. அதுக்கு என் கை தெரியலன்னா? அந்தரத்துல கெடக்கோம்னு பயந்துடாது?"

மனைவி அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. மெஷினோட பேசிப் பேசி மெஷினாவே ஆயிட்டீங்க" என்றார். ஆனால் கையை உடனே விட்டுவிடவில்லை.

பாப்பா வேறு ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். அவர் தொட்டில் பக்கம் போனால் அவரைப் பார்க்கமாட்டாள். அவருடைய தோளுக்கு மேலே, பின்னால், ஒன்றுமில்லாத சுவரைப் பார்ப்பாள். பார்த்துச் சிரிப்பாள். "இந்த வயசுல அப்படித்தாம்பா, கண்ணு நிலைக்காது" என்பாள் மகள். இருந்தாலும் அவர் ஒவ்வொரு தடவையும் திரும்பிச் சுவரைப் பார்ப்பார்.

ஒரு மத்தியானம் மகள் குளிக்கப் போனாள். மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். பாப்பா பாயில் விழித்துக் கிடந்தாள். நாடி பையிலிருந்து மீட்டரை எடுத்தார். பசையே படாத புது மணி ஒன்றை வெந்நீரில் கழுவித் துடைத்து மாட்டினார். ஒயரைத் தன் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மணியைப் பாப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன.

எண் இறங்கியது. அவ்வளவு சின்னக் கைக்கு அவ்வளவு வேகமாக இறங்கும் என்று அவர் நினைக்கவில்லை. "உயிர் இருக்கு, உயிர் இருக்கு" என்றார். அவர் கண் கலங்கியது.

பிறகு தன் சுண்டுவிரலை அந்த மூடிய கைக்குள், மணிக்குப் பக்கத்தில், மெல்ல நுழைத்தார்.

எண் நின்றது. நின்று, ஏற ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், அங்கே கை எதுவுமே இல்லை என்பது போல ஏறிக்கொண்டே போனது. விரலை உருவிவிட நினைத்தார்.

உருவ முடியவில்லை. பாப்பா பிடித்திருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண் இப்போது நேராக அவர் முகத்தில் இருந்தது. பிடி இன்னும் இறுகியது.

எண் ஏறிக்கொண்டிருந்தது. நாடி இன்னொரு கையை நீட்டி மீட்டரைப் பாயில் குப்புறக் கவிழ்த்துவிட்டு, அந்தக் கையைப் பாப்பாவின் முதுகுக்கு அடியில் கொடுத்தார்.