பொருக்கு இறுகும் வரை

வடதுருவத்துப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் வசந்தம் என்றால் பூவும் இல்லை, பச்சையும் இல்லை. மே மாதம் பிறந்த பிறகும் பனி இடுப்பளவு கிடக்கும். ஏரிக்கு மேலே தெற்குப் பார்த்த சரிவில் மட்டும் ஓரிடத்தில் வெயிலுக்குக் கரைந்து மண் தெரியும். முதலில் ஒரு நாய் படுக்கிற அளவு. நாலு நாளில் ஓர் ஆள் படுக்கிற அளவு. அந்தத் திட்டைப் பார்ப்பதற்காகவே பக்கத்து வீட்டு ராவ்னா ஒவ்வொரு குளிர்காலத்தையும் தாண்டி வந்தாள் என்று நான் சொல்வேன். யார் மறுத்தாலும் சொல்வேன்.

அவள் பிறந்ததே அப்படி ஒரு திட்டில்தான். கலைமான் மந்தையைக் கடலோரத்துக்கு ஓட்டிப் போகிற வழியில் அவள் அம்மாவுக்கு வலி எடுத்தது. சினை மான்கள் கன்று போட இடம் தேடிப் போகுமே, அங்கேயே போய் அவளும் படுத்துவிட்டாள். பிறகு அப்பா மந்தையை விற்றார். ராவ்னா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் மீன் வேகவைத்தாள். வசந்தத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய மணி அடிக்கும்போது அவள் திட்டில் மல்லாந்து கிடப்பாள். பாதிரியார் கோபித்துக்கொண்டதற்கு, "நானும் மேல பாத்துத்தானே படுத்திருக்கேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

புருஷன் பியேரா இறந்துபோன பிறகு, அவளுக்கு இடுப்பு மூட்டும் தேய்ந்தது. விறகு பிளக்க முடியவில்லை. மகன் நில்லாஸ் தெற்கே ஓஸ்லோ நகரத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்றாம் மாடியில் இடம் பார்த்துவிட்டான். கூட்டிப் போக வந்தும் விட்டான்.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை திட்டுல படுத்துத் தூங்கணும், அக்கா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் என்னிடம்.

அந்த வருஷம் பார்த்து வெயில் கஞ்சத்தனம் பண்ணியது. கிளம்புவதற்கு முதல் நாள்தான் என் சமையலறை ஜன்னலிலிருந்து தூரக்கண்ணாடியில் பார்த்தேன்: சரிவில் பழுப்பாய் ஒரு பொட்டு, ஒருவழியாய் ஆள் படுக்கிற அளவுக்கு.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு அவளைப் பனியில் சறுக்குகிற உதைவண்டியில் உட்காரவைத்துக் கிளம்பினேன். எனக்கு எழுபத்தெட்டு. இருந்தாலும் தள்ளினேன். இராக்குளிரில் பனியின் மேல் பொருக்குக் கட்டி இறுகியிருந்தது. அதன்மேல் கல்யாண ஊர்வலமே போகலாம். ஆனால் ஒன்பது மணி வெயில் பட்டால் பொருக்கு இளகிவிடும். காலை வைத்தால் தொடைவரை உள்ளே போகும். இது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

"பெரியம்மா, எட்டரைக்கெல்லாம் திரும்பிடணும். மூணு மணிக்கு விமானம்" என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொன்னான் நில்லாஸ்.

"சரிப்பா, சரிப்பா" என்றேன்.

திட்டில் மான்தோலை விரித்தோம். பூர்ச்ச மரப்பட்டையில் தீ மூட்டிக் காபி வைத்தேன். உப்புக்கண்ட இறைச்சியைச் சீவிக் கோப்பைக்குள் போட்டு ஊறவைத்துக் குடித்தோம். பனிக்கடியில் போன வருஷத்துக் கருநிறப் பழங்கள் அப்படியே இருந்தன. கையிலெடுத்தால் கசிந்தது சாறு. எங்கேயோ ஏரிக்கு அந்தப்புறம் அன்னங்கள் கூப்பிட்டன. வெயில் பனியில் பட்டுக் கண்ணிமைக்குள்ளும் சிவப்பாய் நிறைந்தது. மண்ணுக்குள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் முதுகுக்குக் கீழே, யாரோ பக்கத்து அறையில் மெதுவாய்ப் பேசிக்கொண்டிருப்பது மாதிரி.

"எட்டு மணிக்கு எழுப்பிடு, அக்கா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். கன்னத்தில் மண். உள்ளங்கை மலர்ந்து வானத்தைப் பார்த்துக் கிடந்தது. எழுபத்தோரு வயதுக்காரி, பிறந்த அன்றைக்குப் போல.

எட்டு மணி ஆனது. நான் எழுப்பவில்லை. ஒன்பது ஆனது. எழுப்பவில்லை. மறதி என்று அப்புறம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். மறதியாவது!

பதினொன்றரைக்குத் தானாக எழுந்தாள். திட்டின் ஓரத்தில் ஒரு காலை வைத்தாள். தொடைவரை போனது.

"மணி என்ன?"

"தெரியாது."

"கையில கட்டியிருக்கியே, அது என்ன, வளையலா?"

நான் நெருப்பைக் கிளறினேன். அவள் வெகு நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு காலை உருவிக்கொண்டு மறுபடி படுத்தாள். "பாவி" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே.

பன்னிரண்டு மணி வாக்கில் கீழே ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. நில்லாஸ். நகரத்து ஷூவைப் போட்டுக்கொண்டு நடுப்பகலில் பனியில் இறங்கியிருந்தான். இங்கே பிறந்தவன்! அடிக்கு அடி இடுப்புவரை புதைந்தான்.

"நடக்காதே, உருண்டு வாடா!" என்று கத்தினாள் ராவ்னா, சிரிப்பை அடக்க முடியாமல்.

கடைசித் தூரத்தை வயிற்றால் ஊர்ந்தே வந்து சேர்ந்தான். ஒரு காலில் ஷூ இல்லை.

"விமானம் போச்சு. உங்களாலதான் பெரியம்மா!"

"ஆமாம். காபி குடி."

"இந்த ஈரச் சேத்துல என்னதான் இருக்கு உங்களுக்கு?"

 அவன் காலுறையைக் கழற்றிக் கல்லில் காயப்போட்டேன். எங்கும் போக முடியாது; பொருக்கு மறுபடி இறுகினால்தான் மூன்று பேருக்கும் வழி. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெயில் விடவில்லை. முதலில் முழங்கையை ஊன்றினான். பிறகு படுத்தான். திட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் கல்லுக்கு நகர்ந்தேன்.

"அம்மா, அடியில சூடா இருக்கு" என்றான் வெகு நேரம் கழித்து.

"ம்."

"நீ பொறந்த திட்டு எந்தப் பக்கம்?"

அவன் நூறு தடவை காதில் வாங்கிய கதைதான். இடம் எது என்று கேட்டது அன்றுதான். அவள் படுத்தபடியே கையை நீட்டி வடக்கே காட்டினாள். அப்படியே இருவரும் தூங்கிப்போனார்கள்.

சாயங்காலம் குளிர் இறங்கிப் பொருக்கு கண்ணாடி போல இறுகியது. உதைவண்டியை நில்லாஸ் தள்ளினான், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் என் கம்பளித் துண்டுமாக. மறுநாள் போய்விட்டார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை. அது என் பிடிவாதம்.

இந்த ஏப்ரலில் தொலைபேசி அடித்தது. ராவ்னா என்று நினைத்து எடுத்தேன்.

"பெரியம்மா, திட்டு வந்தாச்சா?" நில்லாஸ்.

தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். நாய் படுக்கிற அளவுதான் இருந்தது.

"நாலு நாள் ஆகும். உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. நல்ல பனி பூட்ஸாப் போட்டுட்டு வா" என்றேன்.