துருஸ்பெக் மைக்கைக் கைமாற்றிய விருந்து

துருஸ்பெக்கை நான் நம்பியதே இல்லை. பல வருடங்களாக அவர் பேச, நான் கீபோர்டு வாசிக்க, அத்-பாஷி மலை வட்டாரத்தில் எங்கள் கால் படாத கல்யாண மண்டபம் கிடையாது. இருந்தும் சொல்கிறேன், நம்பியதில்லை.

ஆளைப் பார்த்தால் விருந்தை நடத்திப் பேசும் தமதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். கரகரத்த குரல். நாரின் நகரத்துத் தமதாக்களின் மினுக்கும் கோட்டு இவரிடம் இல்லை, போனைப் பார்த்துப் படிக்கும் ஜோக்கும் இல்லை. ஆனால் மைக்கை எடுத்தாரென்றால் இறைச்சித் தட்டுக்குப் போன கை பாதியில் நின்றுவிடும்.

"மூணாவது மேசையில ஒருத்தர் இருக்கார். நேத்து அவரு குதிரை சாயங்காலமே வீட்டுக்கு வந்துடுச்சு. அவரு விடிஞ்சப்புறம்தான் வந்தாரு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு குதிரைகிட்டதான் கேக்கணும்" என்பார். பெயரைச் சொல்லவே மாட்டார். மண்டபம் வயிறு வலிக்கச் சிரிக்கும். அந்த மனிதரே எழுந்து தொப்பியைக் கழற்றிக் காட்டுவார்.

இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரிகிறது? அங்கேதான் எனக்கு உறுத்தல். விருந்துக்கு முந்தின நாளே போய், இறைச்சி வெட்டும் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். பேசுவது குறைவு. அப்படிக் காது கொடுக்கிற ஆளிடம் ஊர் எதைத்தான் மறைக்கும்? போலீசுக்கு வேவு பார்க்கிறாரோ என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தேன்.

எசென்குல் வீட்டுக் கல்யாணத்தில் என் சந்தேகம் முற்றிப்போனது. எசென்குல் தேனீ வளர்ப்பவர். தங்கமான மனிதர், ஆனால் கடுமையான திக்குவாய். அவர் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் மனைவி கலீச்சா முடித்துவைப்பாள். மூத்த மகள் கல்யாணத்தில் ஆசி சொல்ல வேண்டிய அன்று, பல்வலி என்று போர்த்திப் படுத்துவிட்டார். தம்பிதான் ஆசி சொன்னார். "பெத்த அப்பனுக்கே இந்தச் சம்பந்தம் பிடிக்கல" என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது மகன் கல்யாணம். பெண் வீட்டார் தூரத்துத் தலாஸ் ஊரிலிருந்து வருகிறார்கள். இந்தத் தடவையும் அப்பா வாய் திறக்காவிட்டால் வருகிற மருமகளும் அதே பேச்சைச் சுமக்க வேண்டியதுதான்.

அந்த வாரம் துருஸ்பெக்கின் ஓட்டை கார் எசென்குல்லின் தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அங்கே இவருக்கு என்ன வேலை? ஒருவருடைய நடையை, இருமலை அப்படியே செய்துகாட்டி மண்டபத்தைச் சிரிப்பில் உருட்டிவிடுகிற ஆள் இவர். அந்தப் பாவப்பட்ட மனிதரின் திக்கலைப் பாடம் படிக்கத்தான் போகிறார் என்று முடிவு கட்டினேன்.

கலீச்சாவுக்கும் அதே எண்ணம்தான். விருந்தன்று சமையற்கட்டு வாசலில் அவரை மடக்கினாள்.

"துருஸ்பெக் அண்ணே, ஆசிய இவரு தம்பி சொல்லட்டும். இவருகிட்ட மைக்க நீட்டுனீங்க, கொதிக்கிற சூப்பு உங்க தலையிலதான்."

"உப்பு சரியா இருக்கா அதுல?"

"விளையாடாதீங்க. ஊரே சிரிக்கும். உங்களுக்கு அதானே வேணும்?"

"சிரிச்சா ஊத்து தங்கச்சி" என்று நகர்ந்துவிட்டார். என்னிடம் வந்து, "மம்பெட், ஆசி முடியறவரைக்கும் கீபோர்டுல விரல் வைக்காத" என்றார்.

"நடுவுல சத்தமே இல்லாம போச்சுன்னா?"

"போகட்டும்."

சத்தமில்லாத இடத்தை நிரப்புவதுதானய்யா என் பிழைப்பு! திக்குவது சுத்தமாகக் கேட்க வேண்டும் என்றுதான் என் கையையும் கட்டுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கமாகப் பெரியவர் ஆசியைத் தொடங்கிய பிறகுதான் ஜனங்கள் ஒவ்வொருவராகக் கையை ஏந்துவார்கள். பாதிப்பேர் கையில் எலும்பு இருக்கும், மீதிப்பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அன்று துருஸ்பெக் முறையை மாற்றினார்.

"மொதல்ல எல்லாரும் கைய ஏந்துங்க. எலும்பக் கீழ வைங்க. போனையும்தான். தலாஸ்காரங்களே, உங்களுக்கும் ரெண்டு கைதானே?"

சிரித்துக்கொண்டே எல்லாரும் உள்ளங்கைகளை விரித்தார்கள். விரித்துவிட்டால், ஆசி முடிந்து அப்படியே ஆகட்டும் என்று ‘ஓமீன்’ சொல்லும்வரை கையை இறக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. எங்கள் பக்கம் குடிகாரன்கூட அதை மீற மாட்டான். அதற்கப்புறம்தான் மைக் எசென்குல்லிடம் போனது. துருஸ்பெக் மேடையை விட்டு இறங்கி, அழுக்குத் தட்டுகள் அடுக்கிய மூலையில் தானும் கையை ஏந்தி நின்றுகொண்டார்.

"பி... பி..."

மூச்சு மட்டும் மைக்கில் கேட்டது. தலாஸ் மேசையில் ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு முட்டியது. வாயைப் பொத்தக் கை இல்லை, விழுங்கிக்கொண்டாள். கலீச்சாவின் உதட்டில் அந்த வார்த்தை தயாராக நின்றது. நான் துருஸ்பெக்கைப் பார்த்தேன். அவர் எசென்குல்லைப் பார்க்கவில்லை. கலீச்சாவையே பார்த்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் பொறு தாயே என்று கேட்பவர் போல. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பிள்ளைங்களா" என்று வந்தது. பிறகு இன்னொன்று. "உங்க வாசல்ல... வி-வி-விருந்தாளி குதிரையக் கட்ட எடம் பத்தாமப் போகட்டும்." சூப்பு ஆறிவிட்டது. தோள் கடுத்தது. ஒருவரும் கையை இறக்கவில்லை. எத்தனையோ ஆசிகளைக் கேட்டவன் நான், ஒன்றும் நினைவில்லை. இது மட்டும் மனப்பாடமாக இருக்கிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தேன் அல்லவா.

ஓமீன் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அவர் நிறுத்தவில்லை.

"க..."

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதல் எழுத்தே அவருக்குப் பாறை. அந்தச் சொல் என்னவென்று மண்டபம் முழுக்கத் தெரியும். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஆசியைப் பழக்கியபோது இதையும் சொல்லச் சொன்னது நீங்கள்தானா என்று துருஸ்பெக்கிடம் பிறகு கேட்டேன். "எனக்கே அப்பதான் தெரியும்" என்றார். அதையும் நான் நம்பவில்லை.

"க... க... கலீச்சா. நீ நல்லா இருக்கணும்."

"ஓமீன்" என்று மண்டபம் அதிர்ந்தது. எல்லாரும் வழக்கப்படி உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். கலீச்சா மட்டும் முகத்திலிருந்து கையை எடுக்கவேயில்லை.