சுவரைப் பார்த்த நாற்காலி

பொங்கல் முடிந்த வாரம், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் என் பள்ளித் தோழி சாந்தா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் அவள் கணவர் லிங்கம் அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ காமெடிக் காட்சி. வயிறு குலுங்கச் சிரிக்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் கவனித்தேன் — டிவியில் சத்தமே இல்லை!

"சவுண்டு கெட்டு ரெண்டு மாசம் ஆச்சுடி," என்றாள் சாந்தா. "ரிப்பேர் பண்ணலாம்னா, படம் நல்லாத்தானே தெரியுதுங்குறாரு."

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எதைப் பார்த்தாலும் நோண்டாமல் விடமாட்டேன். காப்பி டம்ளரை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "அண்ணே, உங்க வீடு பத்திக்கிட்டு எரியுது," என்றேன். அண்ணன் அசையவில்லை. டம்ளரை இறக்கிவிட்டு, "காப்பி நல்லா இருக்குண்ணே," என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா தங்கச்சி?" என்று உடனே பதில் வந்தது.

ஆக, மனிதர் என் பேச்சைக் கேட்கவில்லை. வாயைப் படிக்கிறார்!

லிங்கம் அண்ணனுக்கு தெலுக் பங்லிமா காராங்கில் ஓர் ஆணித் தொழிற்சாலையில் வேலை. பதினேழு வருடம். கம்பியை வெட்டி, தலையை அடித்து, ஆணியாகக் கொட்டும் மெஷின்கள் வரிசையாக நிற்குமாம். அங்கே யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அதனால் அந்த ஆட்கள் தங்களுக்கென்று ஒரு பாஷை வைத்திருக்கிறார்கள். கிட்டத்தில் இருந்தால் வாய். தூரத்தில் இருந்தால் கை. காலரைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். ஆள்காட்டி விரலை வளைத்துக் காட்டினால் வளைந்த ஆணி, அதாவது ரிஜெக்ட். எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். நானும் ஆர்வமாகக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் சாந்தாவுக்கு இது வேடிக்கை இல்லை. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையைக் காலால் உதைக்கிறாள். விளக்கை அணைத்துவிட்டால் இருவருக்கும் பேச்சே கிடையாது. "இருட்டுல வாய் தெரியாதுல்ல," என்றாள்.

வேலையால் காது போனால் நஷ்டஈடு கேட்கலாம் அல்லவா? தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். மனு திரும்பி வந்துவிட்டது. காரணம்? கம்பெனியின் பதிவுகளின்படி அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறதாம்!

வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனி வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். அதற்குள் சின்னக் கண்ணாடி அறை. காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். 'பீப்' என்று கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். வருடா வருடம் அண்ணன் பாஸ். அதுவும் சாதாரணப் பாஸ் இல்லை, சூப்பர் பாஸ்.

"எப்படிண்ணே?" என்றேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனின் முகம்.

"கண்ணாடிக்கு அந்தாண்ட நர்ஸு உக்காந்திருக்கும் தங்கச்சி. அது சுவிட்சை அழுத்துறப்ப வலது தோளு லேசா மேல போகும். தோளு போனா நான் அழுத்துவேன். அவ்ளோதான்லா."

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். தன் லைனில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ஏன்? முதல் வருடம் அந்தச் சோதனையில் ஒருவர் ஃபெயில் ஆனார். மறுநாளே அவரை மெஷினிலிருந்து எடுத்துத் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஓவர்டைமும் போனது. அதற்குப் பிறகு ஃபெயில் ஆக எவனுக்குத் துணிச்சல் வரும்?

எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் விசாரித்தேன். சோதனை எதற்கு? யாருடைய காது கெட ஆரம்பித்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, மிச்சத்தைக் காப்பாற்றுவதற்கு. காதுக்கு மூடி தருவதும், மெஷினின் சத்தத்தைக் குறைக்கப் பார்ப்பதும் முதலாளியின் கடமை. இங்கே என்ன நடந்தது? காது மூடிகள் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தன. அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் வெளியே வந்தன. வேன் மட்டும் வருடம் தவறாமல் வந்துவிடும். கம்பெனி தன் கடமையைச் செய்ததற்கு அத்தாட்சி வேண்டும். ஆட்களுக்கு வேலை வேண்டும். இரண்டு பேருக்கும் அந்தப் பொய் பிடித்திருந்தது.

"மேல்முறையீடு செஞ்சு, டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க," என்றேன்.

"சொல்லிட்டா? மத்தவனுங்க வேலை? அவனுங்களுக்கு நான்தானே கத்துக்கொடுத்தேன்!" என்று கோபமாக எழுந்து போய்விட்டார். லைன் ஆட்களும் வீடு தேடி வந்து, வாயைத் திறக்காதே என்று கெஞ்சியிருக்கிறார்கள்.

மேல்முறையீடு செய்ததில் கிள்ளானில் உள்ள மருத்துவமனையில் மறு சோதனைக்கு வரச் சொன்னார்கள். சாந்தாவுக்குத் துணையாக நானும் போனேன். அதே மாதிரி கண்ணாடி அறை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு தமிழ் டாக்டரம்மா. சாந்தாவும் நானும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம்.

அண்ணன் உள்ளே போய் உட்கார்ந்தார். டாக்டரைப் பார்த்தார். டாக்டரின் தோளைப் பார்த்தார்... இத்தனை வருடப் பழக்கம்! சாந்தா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் பாஸாகிவிட்டால் எல்லாம் முடிந்தது.

திடீரென்று அண்ணன் எழுந்தார். நாற்காலியைத் தூக்கினார். சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பட்டனைக் கையில் எடுத்து, அந்தக் கையை நாற்காலிக்கு வெளியே தொங்கவிட்டார்.

டாக்டர் ஒரு நிமிடம் அந்த முதுகையே பார்த்தார். பிறகு பழைய பதிவுத் தாள்களைப் புரட்டினார். எல்லா வருடமும் ஒரே கோடு. "ஆணி மெஷின்ல நிக்கிறவருக்கு இவ்வளவு நல்ல காதா? எனக்கே இப்படிக் கேக்காதும்மா," என்று எங்களிடம் மெதுவாகச் சொன்னார்.

சோதனை ஆரம்பித்தது. டாக்டர் அழுத்துகிறார். அண்ணனின் கட்டைவிரல் அசையவில்லை. சத்தத்தைக் கூட்டி மறுபடி அழுத்துகிறார். அசையவில்லை. இன்னும் கூட்டி... இன்னும் கூட்டி... அந்த விரல் சும்மாவே காத்துக்கொண்டிருந்தது. நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பரீட்சைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்து அழுததில்லை.

கதவு திறந்தது. அண்ணன் சாந்தாவின் முகத்தைப் பார்த்தார். அவள் ஆள்காட்டி விரலை வளைத்துக் காட்டினாள்.

ரிஜெக்ட்!

இரண்டு பேரும் சிரித்தார்கள். சாந்தாவின் கண்ணில் தண்ணீர்.

போன வாரம் கடிதம் வந்தது. மனு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. டாக்டர் எழுதிய குறிப்பின் பேரில் அதிகாரிகள் தொழிற்சாலைக்கும் போயிருக்கிறார்கள். மற்ற பன்னிரண்டு பேரையும் சுவரைப் பார்த்து உட்கார வைத்ததில் ஒன்பது பேர் ஃபெயில். இதுவரை யாருக்கும் வேலை போகவில்லை, துடைப்பமும் வரவில்லை. ஸ்டோர் ரூம் பூட்டு திறந்துவிட்டது. மெஷின்களுக்குச் சத்தத் தடுப்பு கட்டப் போகிறார்களாம். கட்டட்டும், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். இந்தத் தடவை டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"தாராளமா எழுது தங்கச்சி. அந்த நர்ஸு பேரை மட்டும் போட்டுடாதே, பாவம், நல்ல பொண்ணு. ஒவ்வொரு தடவையும் எங்களுக்காகவே தோளைக் கொஞ்சம் பெரிசாத் தூக்கும்."